வயலினுக்கு ஒரு துண்டு ஸ்ப்ரூஸ்

சுகாசினியின் வயலின்மேல் சித்தி மகன் மணிவண்ணன் உட்கார்ந்துவிட்டான்.

"பைக்குள்ள வயலின் இருக்குதுன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"பையே வயலின் மாதிரிதானேடா இருக்குது!"

வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டு விழாவில் அவள் வாசிக்க வேண்டும். வயலின் பழுதுபார்க்கும் கதிர்வேல் அண்ணன் மேல்பலகையில் விழுந்திருந்த விரிசலைத் தடவிப் பார்த்தார்.

"உள்ளே சின்னத் துண்டு வச்சு ஒட்டணும்மா. மேல்பலகை ஸ்ப்ரூஸ்னு ஒரு வெளிநாட்டு மரம். அதே மரம்தான் வேணும். எங்கிட்ட தீந்துபோச்சு, சென்னையிலிருந்து வர பத்து நாளாகும்."

"நான் கொண்டாறேன்!" என்றான் மணிவண்ணன்.

மாலைக்குள் மூன்று முறை கொண்டுவந்தான். நாற்காலிக் கால், ஜன்னல் சட்டம், பிறகு ஒரு பிளைவுட் துண்டு. ஒவ்வொரு முறையும், "இதான் ஸ்ப்ரூஸ். எனக்கு நல்லாத் தெரியும்" என்றான்.

"அது தேக்குடா! பிளைவுட் ஒரு மரமே இல்லடா! கொஞ்ச நேரம் சும்மா இருக்கியா?" என்று சீறினாள் சுகாசினி.

பிறகு வயலினை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் பார்த்தாள். வெளிர் நிற மரம். தறியில் இழுத்துக் கட்டிய பாவு இழைகள்போல, மெல்லிய நேர்க்கோடுகள். ஒரு நக அகலத்துக்குள் ஒன்பது கோடுகள்!

மறுநாள் பள்ளி விட்டதும் இருவரும் செவிலிமேட்டுக்குப் போனார்கள். வெளிநாட்டு இயந்திரங்கள் வந்த மரப்பெட்டிகளைப் பிரித்து விற்கும் காந்தா அக்காவின் கடை அங்கே இருந்தது.

"சின்னத் துண்டுதானே? சும்மாவே எடுத்துக்கம்மா" என்றார் அவர்.

மணிவண்ணன் உடனே ஒரு மஞ்சள் பலகையைத் தூக்கினான். "ஸ்ப்ரூஸ்!"

அதில் சிவந்த பட்டைகள் அகலமாக ஓடின. பிசின் அவன் விரல்களில் ஒட்டியது.

"அது பைன் மரம்பா" என்று சிரித்தார் காந்தா அக்கா.

அரைமணி நேரம் தேடினார்கள். சுகாசினியின் கையில் சிராய் குத்தியது. மணிவண்ணனின் வாய் மட்டும் ஓயவில்லை.

"எல்லாம் ஒரே மாதிரிதான்கா இருக்குது."

"கிட்ட வந்து பாருடா!" என்று கத்தினாள். அவள் கையில் அடியிலிருந்து உருவிய வெளிர் பலகை இருந்தது. அவன் குனிந்தான். நகத்தை வைத்துக் கோடுகளை எண்ணினான். பைன் பலகையையும் எடுத்து அருகில் வைத்து ஒப்பிட்டான்.

கதிர்வேல் அண்ணன் அந்தப் பலகையை இழைத்துப் பார்த்தார். "அட, ஸ்ப்ரூஸேதான்! விழாவுக்குள்ள ஒட்டிக் காஞ்சுடும். எப்படிமா கண்டுபிடிச்ச?"

அவள் வாய் திறப்பதற்குள் மணிவண்ணன் தொடங்கிவிட்டான். "கோடெல்லாம் நெருக்கமா, நேரா இருக்கணும்ணா. பட்டை பட்டையா இருந்தா அது பைன். கையில ஒட்டும்..."

சுகாசினிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவன் சொன்னது அத்தனையும் சரி.

பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.