ஓட்டை விழுந்த கீரை

வகுப்பில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர்கூட இரண்டு முறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். வீட்டில் பூனை குட்டி போட்டாலும் சரி, அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டாலும் சரி, மறுநாள் காலையில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவள் மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

அவளுடைய அப்பா கீரை பயிரிடுகிறவர். தோட்டத்துப் பெரிய பாத்திகளில், அறுப்பதற்கு இரண்டு நாள் முன்னால் பூச்சிமருந்து அடிப்பார். அந்தக் கீரை அரசாங்கக் கொள்முதல் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து வண்டியில் அவள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேரும். செவ்வாயும் வெள்ளியும் மதியச் சாப்பாட்டில் கீரைதான்.

வீட்டுக்குப் பின்னால் இன்னொரு பாத்தி உண்டு. அதற்கு மருந்தே கிடையாது. புழு கடித்து, இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். வீட்டில் எல்லோரும் சாப்பிடுவது அதைத்தான்.

"ஸ்கூல்ல கீரை போட்டா வாங்காதே. ஏன்னு யாராவது கேட்டா பிடிக்காதுன்னு சொல்லிடு," என்று அம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார்.

அதனால் கீரை நாளில் வாயாடி வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோவாள். பக்கத்தில் உட்காரும் ஒல்லியாக இருப்பதால் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வாங்கிய அவள் சிநேகிதிக்கு அந்த வசதி இல்லை. ஒட்டடைக்குச்சியின் அம்மா விடிவதற்கு முன்பே தையல் ஆலைக்குக் கிளம்பிவிடுவார். பள்ளிக்கூடத்தில் போடுவதுதான் அவளுக்கு வயிறார ஒரு வேளை. கீரை என்றால் வகுப்பில் அவள் மட்டும்தான் இரண்டாம் முறையும் தட்டை நீட்டுவாள்.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள்.

"கீரை நாள்லதான் எனக்குக் கணக்கு வகுப்பு. சரியா அப்போதான் உனக்கு வயித்துவலி. நடிப்புக்கு நூத்துக்கு நூறு போடலாம்!" என்பார் கணக்கு டீச்சர். வகுப்பே சிரிக்கும். வாயாடி மட்டும் சிரிக்கமாட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒட்டடைக்குச்சி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். நர்ஸ் அறையில் படுக்க வைத்தார்கள். வாயாடி அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"நான் நடிக்கலடி. நீயாவது நம்பறியா?" என்று கேட்டாள் ஒட்டடைக்குச்சி.

"நம்பறேன்," என்றாள் வாயாடி. வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எழுந்து நேராகச் சமையலறைக்குப் போய், மிச்சமிருந்த கீரையைத் தன் காலி டப்பாவில் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அந்தக் கீரையை நடுவில் வைத்தாள்.

"இது ஏது?" என்று கேட்டார் அம்மா.

"ஸ்கூல்ல போட்டது. நம்ம பெரிய பாத்திக் கீரைதான்."

தம்பி ஆசையாகக் கையை நீட்டினான். அப்பா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "தொடாதே!"

"ஏன்ப்பா? ஒட்டடைக்குச்சி சாப்பிட்டாளே," என்றாள் வாயாடி.

அம்மா அந்தக் கீரையை எடுத்துத் தள்ளி வைத்தார்.

அப்பா தம்பியின் கையை விட்டார். "ஒரு ஓட்டை இருந்தாலும் ரெண்டாம் தரம்னு பாதி விலைக்குத் தள்ளிடறாங்க. நான் என்னதாம்மா செய்யறது?"

"அடிச்சுப் பதினாலு நாள் கழிச்சுத்தான் அறுக்கணும்னு மருந்து டப்பால போட்டிருக்கு. நான் படிச்சேன்."

"பதினாலு நாள் விட்டா புழு தின்னு தீர்த்துடும்," என்றார் அப்பா. ஆனால் அதற்கு மேல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் பின்பாத்திக் கீரையை மொத்தமாக அறுத்துக் கூடையில் அடுக்கினார். வாயாடியையும் கூட்டிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனார்.

தரம் பார்க்கும் அதிகாரி ஓர் இலையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "என்னய்யா இது, கீரையா சல்லடையா? ரெண்டாம் தரம். ஸ்கூலுக்குப் போகாது."

"மருந்து அடிக்காத கீரை சார்."

"இருக்கலாம். எங்களுக்குக் கொடுத்த இந்தத் தாள்ல ஓட்டை, கறை, நிறம், இது மூணைத்தான் பார்க்கச் சொல்லியிருக்காங்க. மருந்தைப் பத்தி ஒரு வரி கிடையாது."

சொல்லிவிட்டு அதே கூடையிலிருந்து இரண்டு கட்டுகளை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். அதற்குக் காசும் கொடுத்தார்.

"அது யாருக்கு சார்?" என்றாள் வாயாடி.

"எங்க வீட்டுக்கு."

"மத்தவங்க கொண்டுவந்த முதல் தரம் அவ்வளவு இருக்கே. அது வேண்டாமா?"

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ரெண்டு குழந்தைங்க இருக்கு பாப்பா."

வாயாடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயிரிடுகிறவருக்குத் தெரியும். தரம் பார்க்கிறவருக்கும் தெரியும். தின்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியாது!

"கூடையைத் தூக்குங்கப்பா. ஸ்கூல் சமையலறைக்குப் போலாம்," என்றாள்.

அங்கே சமையல்காரம்மாவிடம் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். தானேதான் மருந்து அடித்ததாகவும் சொன்னார். சமையல்காரம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"மூணு வருஷம்யா! 'சாப்பிடு கண்ணு, உடம்புக்கு நல்லது'ன்னு சொல்லிச் சொல்லி என் கையாலயே வெச்சேனே!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படி நின்று வாயாடி பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது. ஆனாலும் கூட்டி வந்தது தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"முதல் தரம்தான் சமைக்கணும்னு உத்தரவு. இந்த ஓட்டையை யாராவது பார்த்தா என் வேலை போயிடும்," என்றார் சமையல்காரம்மா.

"நறுக்கிட்டா ஓட்டை எங்க இருக்கும், அக்கா?"

சமையல்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார். நல்ல கீரை அன்று திருட்டுத்தனமாகத்தான் பிள்ளைகளின் தட்டுக்கு வந்தது.

மதியம் ஒட்டடைக்குச்சி மூன்று முறை தட்டை நீட்டினாள். கணக்கு வகுப்பு முடியும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டீச்சருக்கே ஏமாற்றமாகப் போய்விட்டது.

மணி அடித்ததும் வாயாடி சமையலறைக்கு ஓடினாள். "அக்கா, இன்னிக்குக் கீரை வண்டி வரலையா?"

"வந்துச்சு. வேண்டாம்னு திருப்பிட்டேன்."

"அப்போ அந்தக் கீரை?"

சமையல்காரம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினார். "வண்டிக்காரன் அடுத்த ஸ்கூல்ல இறக்கியிருப்பான்."

அங்கே இந்நேரம் எத்தனை பேர் சுருண்டு கிடக்கிறார்களோ!

"அங்க சமைக்கிறது யாரு?"

"என் நாத்தனார்தான். எனக்கும் அவளுக்கும் ஆறு வருஷமாப் பேச்சே கிடையாது."

"எனக்கும் அவங்களுக்கும் ஒண்ணும் சண்டை இல்லையே," என்று சொல்லிவிட்டு வாயாடி செருப்பை மாட்டினாள்.

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "இருடி, கையைக் கழுவிட்டு நானும் வர்றேன்."