அழுத்தினால்தான் சத்தம் வரும்

மழை பிடித்துக்கொள்ளவே, மாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு சிந்துஜா இறங்கி வந்தபோது, கூடத்து மேசையில் கிடந்த கிடாரின் மூன்றாவது ஃபிரெட்டில் ஏதோ மின்னியது. மின்னியிருக்கக் கூடாது. மேலே போவதற்கு முன்புதான் எல்லா ஃபிரெட்டுகளின் மேலும் இடம் விடாமல் கறுப்பு மார்க்கர் பூசிவிட்டுப் போயிருந்தாள்.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. தந்திகளைக் கழற்றிவிட்டு, பலகையை டேப் ஒட்டி மறைத்து, குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் என்கிற அந்த உலோகக் கம்பிகளுக்கு மட்டும் மை பூச வேண்டும். பிறகு நேரான அலுமினியச் சட்டத்தில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் மேட்டில் மை போகும், பள்ளத்தில் தங்கும். பள்ளத்து மையும் போய்விட்டால் எல்லாம் ஒரே மட்டம். மஞ்சக்குப்பத்தில் பல் செட் செய்யும் லேபில் நாள் முழுக்கத் தேய்ப்பவளுக்கு இதெல்லாம் கைவந்த வேலை.

ஆனால் இங்கே மை போயிருந்தது பள்ளத்தில் மட்டும். சட்டத்தை அவள் இன்னும் தொடவேயில்லை.

சரியாகப் பூசவில்லை போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி பூசினாள். மத்தியானம் சிதம்பரத்திலிருந்து சித்தார்த் போனில் சொன்னது காதிலேயே நின்றது. கச்சேரிக் குழுவில் அவள் புருஷன் செம்பியன் இடத்துக்கு வந்திருப்பவன் அவன்.

“பள்ளம் வுழுந்து சத்தம் கரகரங்குதுக்கா. சமம் பண்ணி வைங்க, நாளைக்கே வந்து எடுத்துக்கறேன். அண்ணன் என்னா அழுத்து அழுத்தியிருக்காரு, யப்பா!” என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அழுத்து அவளுக்குத் தெரியும். ஆறு வயது மகள் லேகாவை மடியில் இறுக்கி உட்காரவைத்து, அவள் பிஞ்சு விரல்களைத் தந்தியில் வைத்து, மேலே தன் விரல்களை வைத்து அமுக்குவான் செம்பியன். “அழுத்தினாத்தான்டி சத்தம் வரும். அழுத்து.” தந்தியில் ரத்தம் பார்த்த அன்று சிந்துஜா பிள்ளையைப் பிடுங்கினாள். விழுந்த அறையில் அவளுக்கு ஒரு காது இன்னும் இரைகிறது. “உன் ஆயுசுக்கும் அவ கைய நீ பிரிக்க முடியாது” என்றான். பங்குனியில், கச்சேரி முடிந்து வரும் வழியில், ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் லாரி மோதிச் செத்தான். ஊருக்காக அழுதாள். உள்ளே நிம்மதியாக இருந்தது.

கிடாருக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் லேகா இடது கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொள்கிறாள். நாளைக்கு அது இந்த வீட்டை விட்டுப் போய்விட்டால் போதும், பிள்ளை கையை வெளியே எடுப்பாள்.

மழை மாடியில் இறங்கி, ஜன்னலில் இறங்கி, தெருவின் சத்தத்தையெல்லாம் தின்றுவிட்டது. மையின் நெடிக்குக் கீழே இன்னொரு வாசனை மெதுவாக எழுந்தது. கச்சேரி முடிந்து வந்ததும் செம்பியன் விரல் வலிக்குப் பூசிக்கொள்ளும் தைலம், அதோடு கலந்த வேர்வை. கிடார் பெட்டியின் துணியில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துப் பெட்டியை மூடினாள். வாசனை போகவில்லை.

கரண்ட் போனது.

போனை அடுப்படியில் சார்ஜில் வைத்திருந்தாள். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போனாள். போனைக் கையில் எடுக்கும்போது கூடத்தில் கேட்டது. தட். தட். தட். மரத்தில் விரல் விழும் சத்தம். தந்தியில்லாத கிடாரில் வேறென்ன சத்தம் வரும்? கொஞ்சம் நின்று, மறுபடியும். அவசரமில்லாமல். பாடம் சொல்லிக்கொடுக்கும் வேகத்தில்.

டார்ச்சோடு திரும்பினாள். கூடத்தில் யாருமில்லை. முதல் ஃபிரெட்டிலிருந்து ஐந்தாவதுவரை, பள்ளமெல்லாம் வெள்ளையாகப் பளபளத்தது. லேகா படுத்திருந்த அறையின் கதவு பாதி திறந்திருந்தது.

லேகா. சனியனே, நீதானா! அவளுக்கு முதலில் வந்தது கோபம், பின்னாலேயே பெரிய ஆறுதல். இத்தனை நேரம் பயந்ததற்குத் தன்னையே உதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

லேகா தூங்கவில்லை. சுவரோரமாக, போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கிடார தொட்டியாடி?”

“நான் தொடல மா.”

“கையக் காட்டு.”

இடது கை வெளியே வந்தது. நான்கு விரல் நுனியிலும் குறுக்கே கறுப்புக் கோடு.

“இது என்னா அப்ப? பொய் வேறயா?”

“நான் மாட்டேன்னுதான் சொன்னேன் மா,” என்றாள் லேகா. குரல் வெளியே வரவேயில்லை. “கேக்கல.”

சிந்துஜா முந்தானையை நனைத்து நுனிகளைத் துடைத்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்தாள். வலிக்கிறது. எங்கே வலிக்கிறது? கையைத் திருப்பினாள்.

நகங்களின் மேலும் மை.

ஒவ்வொரு நகத்தின் மேலும் ஒரு பெரிய விரலின் பதிவு. நகத்தைத் தாண்டி, மூட்டுவரை. ரேகையே இல்லாமல் தேய்ந்த, காய்ப்பு ஏறிய விரல். நடுவில் தந்தி அறுத்த பள்ளம்.

தைல வாசனை. இப்போது இங்கே. மிகப் பக்கத்தில்.

“கிடார் இங்க இல்லடி,” என்றாள் சிந்துஜா. யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. “நாளைக்குப் போயிரும். எடுத்துட்டுப் போயிருவாங்க.”

லேகா அழக்கூட இல்லை. தன் கையையே பார்த்தாள்.

சிந்துஜாவும் பார்த்தாள். டார்ச் வெளிச்சத்தில், அவள் கைக்குள்ளேயே, மகளின் ஆள்காட்டி விரல் நகத்தின் சிவப்பு மெல்ல வெளுத்தது. பிறகு நடுவிரல். பிறகு மோதிர விரல். மேலிருந்து அழுத்தும்போது வெளுப்பதைப் போல. சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, அங்கே இல்லாத ஒன்றின் மேல் இறங்கி நின்றன.

அவள் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

சுண்டுவிரல் நகமும் வெளுத்தது.