மூன்று நிமிடத்தின் விலை

நாற்பது பேர் வாயை மூடிக்கொண்டு, நீங்கள் பேசுவதை மூன்று நிமிடம் கேட்கிறார்கள். அதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

எங்கள் சந்தைக் கட்டடத்தில் அதற்கு விலை உண்டு. பேரம் கிடையாது. கடைக்காரர் சங்கக் கூட்டத்தில் யார் பேச எழுந்தாலும், தனக்கு முன்னால் பேசியவர் என்ன சொன்னார் என்று முதலில் சொல்ல வேண்டும். அவர் "ஆமாம்" என்றால் மூன்று நிமிடம் உங்களுடையது. "இல்லை" என்றால் இன்னொரு வாய்ப்பு. அதற்கும் "இல்லை" என்றால் உட்கார வேண்டியதுதான். அவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் கிசுகிசுக்கவும் கூடாது.

இந்த விதி சும்மா வரவில்லை. முன்பொரு முறை, பெரிய கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்று பூட்டுக்கடைக்காரரும் குடைக்கடைக்காரரும் மூன்று மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் பார்த்தால், இரண்டு பேரும் எட்டு மணி என்றுதான் கத்திக்கொண்டிருந்தார்கள். மறுநாளே விதி எழுதப்பட்டது.

பொத்தான் கடைக்காரரின் மகளுக்குப் பத்து வயது. சந்தையில் அவளை எல்லோரும் 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் மாடியில் அவள் இருமினால் கீழ்த்தளத்தில் "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று விசாரிப்பார்கள். பள்ளிப் பேச்சுப் போட்டியில் மூன்று கோப்பைகள் வாங்கியிருந்தாள். மூன்று தடவையும் நடுவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், பாவம்.

அதே சந்தையில் ஒரு சாம்பல் நிறப் பூனையும் இருந்தது. தானாக ஒரு வேலையும் செய்யாது. ஆனால் தினமும் எல்லாக் கடைகளையும் ஒரு சுற்றுப் பார்வையிட்டு, திருப்தி இல்லாத முகத்தோடு திரும்பிப் போகும். அதனால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர். மாலை நேரத்தில் மைக்கு வீட்டுப்பாடம் எழுதும்போது, மேனேஜர் வந்து அவள் நோட்டின்மேல் உட்காரும். எழுத வேண்டிய பக்கத்தின்மேல்தான் உட்காரும்.

ஒருநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. பூனையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள மரக்கிடங்குக்கு அனுப்புவது பற்றிக் கூட்டத்தில் பேசப்படும். தீர்மானம் கொண்டுவருபவர், துணிக்கடைக்காரர்.

மைக்கு ஓடிவந்தாள். "அப்பா, மேனேஜரை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்!"

"உங்கம்மாவுக்குப் பூனை ரோமம் பட்டா தும்மல் நிக்காதே. போன தடவை இருபத்திரண்டு."

"மாடிப்படியில தும்மினதையும் சேத்தா இருபத்திமூணு," என்று மைக்கு ஒப்புக்கொண்டாள். "அப்ப கூட்டத்துல நான் பேசறேன்."

"நீ எப்ப பேசாம இருந்திருக்க?"

"விளையாடாதீங்கப்பா. சின்னப் பிள்ளைங்க பேசக் கூடாதுன்னு விதி இருக்கா?"

அப்பா யோசித்தார். "இல்ல. அப்படி ஒரு ஆபத்து வரும்னு யாருக்கும் தோணல போல."

கூட்டம் மாடி அறையில் நடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை அத்தைதான் சங்கத் தலைவர். கடிகாரக்கடை மாமா செயலாளர். நிமிடக் கணக்கு அவர் பொறுப்பு.

துணிக்கடை மாமா எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். வெள்ளைத் துணியில் ரோமம் ஒட்டுகிறது என்றார். வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார்கள் என்றார். பிறகு அலமாரி, ரோல், இடநெருக்கடி என்று பேச்சு எங்கெங்கோ போனது.

மைக்கு அதற்குள் தன் பேச்சை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். 'பெரியோர்களே! வாயில்லா ஜீவன் ஒன்று உங்கள் வாசலில் நிற்கிறது!' இங்கே கையைத் தூக்க வேண்டும். 'அதன் கண்ணீரை யார் துடைப்பார்?' இங்கே குரல் உடைய வேண்டும். மேனேஜர் அழுது யாரும் பார்த்ததில்லை. ஆனால் கோப்பை வாங்கிய பேச்சுகளில் எல்லாம் யாராவது அழுதிருந்தார்கள்.

துணிக்கடை மாமா உட்கார்ந்தார். மைக்கு எழுந்து கையைத் தூக்கினாள்.

"இரு இரு," என்றார் அத்தை. "முதல்ல விலையக் கொடு."

மைக்குவின் கை மேலேயே நின்றது. "துணிக்கடை மாமாவுக்குப் பூனையப் பிடிக்காது. அதத்தான் சொன்னார்."

"இல்லை," என்றார் துணிக்கடை மாமா.

"ம்... பூனையால வியாபாரம் நஷ்டம். அதனால அனுப்பணும்னு சொன்னார்."

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். தன் பார்சலை வேறு வீட்டில் கொடுத்துவிட்டு வந்த தபால்காரரைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. "இல்லை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மைக்கு உட்கார்ந்தாள்.

"வேற யாராவது பேசறீங்களா?" என்று அத்தை கேட்டார்.

அறையில் இருந்த எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். விலை கொடுக்க ஒருவரிடமும் சரக்கு இல்லை.

"சரி, அடுத்த வாரம் இதே நேரம். அன்னிக்கு முடிவு பண்ணிடுவோம்," என்று அத்தை கூட்டத்தை முடித்தார்.

படி இறங்கும்போது மைக்கு அப்பாவின் கையை இழுத்தாள். "அவர் என்னதான் சொன்னார்?"

"ரோமம்னார்... வெள்ளைத் துணின்னார்... அதுக்கப்புறம் நான் நாளைக்கு வர்ற சரக்க நினைச்சிட்டிருந்தேன்."

கடிகாரக்கடை மாமாவைக் கேட்டாள். "நான் முள்ளப் பாத்தேம்மா. மனுஷனப் பாக்கல," என்றார் அவர்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராகத் துணிக்கடைக்குப் போனாள்.

"மாமா, நேத்து என்ன சொன்னீங்கன்னு இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

"துணிய நான் ஒரே தடவைதான் வெட்டுவேன். பேச்சும் அப்படித்தான்." அவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். மைக்கு அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். "சும்மா உக்காந்திருக்கேன் மாமா. பேச மாட்டேன்."

"நீயா?" என்றார் அவர்.

முதல் நாள் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. எட்டுத் தடவை வாய் திறந்தது, எட்டுத் தடவையும் மூடினாள். அவர் அளக்கும்போது டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். வாய்க்கு இல்லாத வேலை கைக்குக் கிடைத்ததில் கொஞ்சம் நிம்மதி.

ஒரு பெண்மணி நீலத் துணி வாங்க வந்தார். "தைரியமா எடுத்துட்டுப் போங்க. சுருங்காது. நல்ல நெசவு," என்று மாமா கணீரென்று ஆரம்பித்தார். போகப் போகக் குரல் தேய்ந்தது. கடைசியில் மேசையைப் பார்த்துக்கொண்டு, "வெயில்ல மட்டும் காயப் போடாதீங்க," என்று முணுமுணுத்தார். அதற்குள் அந்தப் பெண்மணி பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். துணி பாதி நீலம், பாதி வெளுப்பு.

"சாயம் போற துணிய என் தலையில கட்டிட்டீங்களே!"

"சொன்னேனே," என்றார் மாமா, மெதுவாக.

"எங்க சொன்னீங்க? பொய் வேற!"

மைக்குவால் அதற்குமேல் முடியவில்லை. "சொன்னார் அக்கா! வெயில்ல காயப் போடாதீங்கன்னு கடைசியில சொன்னார். நீங்க வாசல்கிட்ட போயிட்டீங்க. நான் கேட்டேன்."

பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இனிமே முக்கியமானத முதல்ல சொல்லுங்க," என்று முனகிவிட்டுப் பாதி விலைக்கு வேறு துணி வாங்கிப் போனார்.

மைக்கு முக்காலியில் திரும்ப உட்கார்ந்தாள். ஒன்று பிடிபட்டது. இவர் முக்கியமானதை எப்போதும் கடைசியில், சின்னக் குரலில், வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் சொல்கிறார்.

இன்னொன்றையும் கவனித்தாள். மேல்தட்டிலிருந்து துணி ரோலை இழுத்துக் கீழே போடுவதற்கு முன்னால் மாமா ஒவ்வொரு தடவையும் குனிந்து, டார்ச் அடித்து, அடித்தட்டைப் பார்த்தார். அவசரக்காரர் ஒருவர், "ஒரு துணி எடுக்க இவ்வளவு நேரமா?" என்று கோபித்துக்கொண்டே போய்விட்டார். மாமா அவரைத் தடுக்கவில்லை. டார்ச்சை அணைக்கவும் இல்லை.

ஏன் என்று கேட்க மைக்குவுக்கு நாக்கு அரித்தது. ஆனால் பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவளாயிற்றே. ஒரு தடவை மீறியதே போதும்.

அடுத்த கூட்டத்தில் மைக்கு துணிக்கடை மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மனத்துக்குள் எந்தப் பேச்சும் ஓடவில்லை.

மாமா எழுந்தார். ரோமம் என்றார். வெள்ளைத் துணி என்றார். பின்வரிசையில் கொட்டாவி வந்தது. குடைக்கடைக்காரர் சாவிக்கொத்தை எண்ண ஆரம்பித்தார். மாமாவின் குரல் இறங்கியது. அவர் தரையைப் பார்த்தார்.

மைக்கு நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"...ஒரு ரோல் முப்பது கிலோ. அந்தப் பூனை அதுக்கு நேர் கீழ, அடித்தட்டுல போய்த் தூங்குது. போன மாசம் பாக்காம இழுத்துட்டேன். ஒரு விரல் தள்ளி விழுந்துச்சு. அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல."

உட்கார்ந்துவிட்டார். அறையில் வேறு யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மைக்கு எழுந்தாள்.

"விலையக் கொடு," என்றார் அத்தை.

"மாமா ரோமத்தப் பத்திச் சொன்னார். ஆனா அது காரணம் இல்ல. துணி ரோலுக்கு அடியில மேனேஜர் நசுங்கிடுமோன்னு பயப்படறார். போன மாசம் ஒரு விரல் இடைவெளியில தப்பிச்சுது. அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் தூரமா அனுப்பச் சொல்றார்."

சாவிக்கொத்துச் சத்தம் நின்றது. எல்லோரும் துணிக்கடை மாமாவைப் பார்த்தார்கள்.

"ஆமாம்," என்றார் அவர். பிறகு கொஞ்சம் சத்தமாக, "ஆமாம், அதேதான்!"

கடிகாரக்கடை மாமா முள்ளைப் பார்த்தார். மைக்குவின் மூன்று நிமிடம் தொடங்கியது.

அவள் கையைத் தூக்கவில்லை. குரலையும் தூக்கவில்லை. பின்வரிசைக்காரர்கள் கேட்பதற்காக முன்னால் சாய்ந்தார்கள். மைக்கு பேசுவதைக் கேட்க ஒருவர் முன்னால் சாய்ந்தது சந்தை வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

"நான் ஒரு வாரமா அந்தக் கடையில உக்காந்திருந்தேன். மேனேஜர் எல்லா ரோலுக்கு அடியிலயும் போறதில்ல. கம்பளி ரோலுக்கு அடியில மட்டும்தான் போகுது. அங்க கதகதப்பா இருக்கு. அந்த ரோலை வேற இடத்துல வெச்சு, அடித்தட்டப் பலகையால மூடிடலாம். வெட்டற மேசை ஓரத்துல எங்க கடைப் பெட்டி ஒண்ணு வெக்கறோம். உள்ள ஒரு துண்டுக் கம்பளி. மாமா கண்ணு முன்னாடியே தூங்கட்டும். அவர் தினம் டார்ச் அடிச்சுத் தேட வேண்டாம். வெள்ளைத் துணிமேல போட எங்க வீட்ல பழைய போர்வை இருக்கு. ஒரு வாரம் பாருங்க. சரிப்படலைன்னா, நானே மேனேஜரத் தூக்கிட்டுப் போய் மரக்கிடங்குல விட்டுட்டு வரேன்."

கடைசி வரியைச் சொல்லும்போது குரல் உண்மையாகவே உடைந்தது. அதை அவள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

பூட்டுக்கடைக்காரர் எழுந்தார். எதையாவது எதிர்க்காமல் அவருக்குக் கூட்டம் நிறைவு பெறாது.

"விலை," என்றார் அத்தை.

"கம்பளி ரோலை மாத்தணும், பலகை அடிக்கணும், மேசை ஓரத்துல பெட்டி, பெட்டிக்குள்ள கம்பளி, வெள்ளைத் துணிக்குப் போர்வை, ஒரு வாரம் பாக்கணும்."

"ஆமாம்," என்றாள் மைக்கு.

"அதுல நான் என்ன சொல்ல வந்தேன்னா..." அவர் தாடையைச் சொறிந்தார். சொன்னதை விரல்விட்டு இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு. பலகை என் கடையில இருக்கு, எடுத்துக்கோங்க." உட்கார்ந்துவிட்டார்.

"பூனை இருக்கட்டும்ங்கறவங்க கையத் தூக்குங்க," என்றார் அத்தை. முதலில் உயர்ந்தது துணிக்கடை மாமாவின் கை.

கடிகாரக்கடை மாமா குறிப்பேட்டில் எழுதினார்: தூக்கிய கை முப்பத்தொன்பது. எழுதுகிற கையையும் சேர்த்தால் நாற்பது. பொத்தான் கடைக்காரர் மகளுக்குப் பேசக் கொடுத்த நேரம் மூன்று நிமிடம். அவள் செலவு செய்தது ஒன்றே முக்கால் நிமிடம். சங்கம் அவளுக்குத் தர வேண்டிய பாக்கி, ஒன்றே கால் நிமிடம்.