போகிற ஓரம், வருகிற ஓரம்

சாண்டெல் டீச்சர் கரும்பலகையில் ‘மாற்றியமைப்பு’ என்று பெரிதாக எழுதினார்.

“இது ரேடியோவில வர்ற வார்த்தை. உங்க வீட்ல, கடையில இதுக்கு என்னென்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க” என்றார்.

அந்த வருஷம் ஸ்வீடன் முழுக்க இதே பேச்சுதான். அதுவரை சாலையின் இடப்பக்கம் ஓடிய வண்டிகள் எல்லாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் வலப்பக்கம் ஓட வேண்டும். பெரியவர்கள் எல்லாரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். எங்களுக்கோ ஒரே கொண்டாட்டம்.

வீட்டில் அம்மா என் கவுனைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். “நான் ‘திருத்தம்’னு சொல்லுவேன்” என்றாள், வாயில் ஊசியோடு.

அப்பாவுக்கு பஸ் பணிமனையில் வேலை. “எனக்கு ‘மாத்துறது’தான். விளக்கை மாத்து, கதவை மாத்து. போதும் போதும்னு ஆயிடுச்சு!” என்றார்.

அடுத்த வீட்டு எவால்ட் மாமாவிடம் போனேன்.

“தொல்லை” என்றார் மாமா. “எழுதிக்கோ.”

“மாமா, அதுக்கு அர்த்தமே வேறயாச்சே?”

“உனக்கு வேற. எனக்கு அதேதான், இங்கெலா.”

மாமா சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

மாமாவுக்குச் சின்ன வயதிலேயே கண் பார்வை போய்விட்டது. மர மில் ஆபீசில் டெலிபோன் இணைத்துக் கொடுப்பது அவர் வேலை. குரலை வைத்தே யார் என்று சொல்லிவிடுவார். தினமும் கைத்தடியோடு தனியாகத்தான் நடந்து போவார், வருவார்.

எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடிதான் நடக்க வேண்டும் என்பது சாலை விதி. அதனால் இதுவரை நாங்கள் சாலையின் வலது ஓரமாக நடந்தோம். இனி இடது ஓரமாக நடக்க வேண்டும்.

“அந்த ஓரம் எனக்குத் தெரியாதே” என்றார் மாமா. “திங்கட்கிழமையிலேர்ந்து, பழகற வரைக்கும் வீட்ல இருங்கன்னு மேனேஜர் சொல்லிட்டார். வீட்ல உக்காந்துகிட்டு எப்படிப் பழகறது? அதுக்குள்ள அந்த நாற்காலியில வேற ஆள் உக்காந்துடுவான்.”



மறுநாள் மாலை மில் வாசலில் காத்திருந்தேன். மாமா வந்ததும் அவர் கையைப் பிடித்தேன். “திங்கட்கிழமையிலேர்ந்து நான் கூட்டிட்டுப் போறேன், மாமா.”

மாமா கையை உருவிக்கொண்டார். “கயித்தைப் பிடிச்சு ஓட்டிட்டுப் போக நான் என்ன கன்னுக்குட்டியா? நாலு நாள் கூட்டிட்டுப் போவே. அஞ்சாம் நாள் காய்ச்சல்னு படுத்துப்பே. அப்புறம்?”

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எனக்கு அழுகை வந்தது. அவர் பின்னாலேயே நடந்தேன்.

“வழி எப்படி மாமா தெரியுது உங்களுக்கு?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“போறப்போ ஆத்தோரம். தண்ணிச் சத்தம் கூடவே வரும், அப்புறம் பாலத்துக் கம்பி கைக்கு வரும். வர்றப்போ இந்த வயல் ஓரம். முதல்ல கூழாங்கல், அப்புறம் மாட்டுத் தொழுவ வாசனை, கடைசியா தபால் பெட்டிக் கம்பம். கம்பம் வந்துட்டா வீடு வந்தாச்சு.”

சனிக்கிழமை காலையில் எனக்கு ஓர் ஆசை. புதிய ஓரம் அப்படி என்னதான் கஷ்டம் என்று பார்க்க வேண்டும். வண்டி எதுவும் வரவில்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டேன். மில்லைப் பார்த்து, சாலையின் இடது ஓரத்தில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்தேன்.

டங்!

நெற்றி ஏதோ மரத்தில் மோதியது. தடவிப் பார்த்தேன். தபால் பெட்டிக் கம்பம். தேய்த்துக்கொண்டே இன்னும் நடந்தேன். குப்பென்று மாட்டுச் சாண நாற்றம் அடித்தது. இன்னும் நடந்தேன். காலடியில் கூழாங்கல் நறநறத்தது.

நான் கண்ணைத் திறந்தேன். இது நேற்று மாலை மாமாவோடு வீட்டுக்கு வந்த அதே ஓரம்!

ஓட்டமாக ஓடி மாமாவின் கதவைத் தட்டினேன்.

“மாமா! உங்களுக்கு அந்த ஓரம் தெரியும்! இவ்வளவு நாள் வந்த ஓரமாப் போகணும், போன ஓரமா வரணும். அவ்வளவுதான்!”

மாமா அசையாமல் நின்றார். அவர் உதடு மட்டும் அசைந்தது. “கம்பம்... தொழுவம்... கூழாங்கல்...”

“ஆமா மாமா! தலைகீழா!”

“எல்லாமே மாறுது, எல்லாமே மாறுதுன்னு ஊரே கத்துச்சு. நானும் நம்பிட்டேன் பாரு” என்றார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டார். வெகு நேரம் சிந்தினார்.

ஞாயிறு காலை ஆறு மணி வரை அவசர வண்டிகள் தவிர வேறு வண்டி ஓடக்கூடாது என்று உத்தரவு. விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினோம். ஊர்ச் சாலை வெறிச்சென்று கிடந்தது. மாமா முன்னால், நான் பின்னால். தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தொழுவம் தாண்டி ஓரிடத்தில் அவர் தடி பள்ளத்தில் இறங்கியது. என் கை தானாக நீண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை இழுத்துக்கொண்டேன். மாமா தட்டித் தட்டிப் பார்த்தார், அரை அடி தள்ளி நின்றார், மேலே நடந்தார்.

மில் வாசலில் மேனேஜர், கையில் பட்டை கட்டிக்கொண்டு, புதிய சாலை விதிக்குக் காவல் நின்றார்.

“எவால்டா? யார் உங்களைக் கூட்டிட்டு வந்தது?”

“யாரும் இல்லை சார். நான் வந்தேன். இவ கூட வந்தா.”

மேனேஜர் மாமாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “திரும்பிப் போறதும் தனியாத்தானா?”

“பாத்துட்டே இருங்க.”

திரும்பும்போது ஆற்றோரம் போனோம். மேனேஜர் பாலம் வரைக்கும் பின்னாலேயே வந்தார். பாலத்துக் கம்பியைப் பிடித்தபடி மாமா கடந்ததும், “நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க” என்று உரக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை பள்ளிக்குக் கிளம்பினேன். கேட்டைத் திறந்தால், தபால் பெட்டிக் கம்பத்தருகே மாமா தடியைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரைப் பார்த்தபடியே சாலையில் காலை வைத்தேன்.

“இங்கெலா, நில்லு!”

என் சட்டைக் காலர் பின்னால் இழுபட்டது. மரம் ஏற்றிய லாரி ஒன்று என் மூக்குக்கு முன்னால் பாய்ந்து போனது.

“எந்தப் பக்கம் பாத்தே?” என்று கேட்டார் மாமா.

“பழைய பக்கம், மாமா” என்றேன்.

மாமா திட்டவில்லை. தலையைச் சாய்த்து ஒரு பக்கம் கேட்டார், பிறகு மறுபக்கம் கேட்டார். பிறகு தன் கையை நீட்டினார்.

“பிடிச்சுக்கோ. வா, போகலாம்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று காலை எவால்ட் மாமாதான் என்னைச் சாலையைக் கடக்க வைத்தார்.