தனசிங் வாத்தியாரின் மொபெட்

“ஆன்ட்டி, ஜாய்சன் சாப்பிடவே மாட்டேங்கிறான். அப்பாவை நான்தான் கொன்னுட்டேன்னு அதையே சொல்லிட்டிருக்கான்.”

பொழிச்சலூரிலிருந்து வந்திருந்த ஜெரூஷா இதைச் சொல்லிவிட்டு அழுதாள். ரத்தினபாய் அவளை அழவிட்டார். விபத்தான வண்டிகளை ஆராய்ந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதி ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய கணவர் தினகரனோ துப்பறியும் நாவல்களாகப் படித்துத் தள்ளிய மனிதர். பொறுமைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

“கொலையா?” என்றார். மனைவி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஜெரூஷாவின் அப்பா தனசிங் வாத்தியாரின் பழைய மொபெட் பல வருடமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. திருமுடிவாக்கத்தில் லேத் வேலை பார்க்கும் மகன் ஜாய்சன், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உட்கார்ந்து, புது பிஸ்டன் போட்டு, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து அதற்கு உயிர் கொடுத்தான். அப்பாவுக்கு இதயக் கோளாறு. வண்டியைத் துடைக்கலாம், ஓட்டக் கூடாது என்று அம்மா யூனிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போன வாரம் ஒரு நாள் காலையில் வாக்கிங் போவதாகச் சொன்ன மனிதர், வீட்டுச் சந்திலேயே மொபெட்டோடு விழுந்து கிடந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

“பிஸ்டனை டைட்டா போட்டுட்டேன், ஓடும்போதே பிடிச்சுக்கிச்சு, வீல் லாக் ஆகி அப்பாவைத் தள்ளிடுச்சு, அந்த அதிர்ச்சியிலதான் போயிட்டார்னு சொல்றான் ஆன்ட்டி. வண்டி பக்கமே போக மாட்டேங்கிறான்.”

“வண்டியை வீட்டுக்கு யார் கொண்டு வந்தது?”

“நான்தான். தள்ளிட்டு வந்து ஓரமா நிறுத்தினேன். அப்புறம் யாரும் தொடலை.”

“தள்ளக் கஷ்டமா இருந்துச்சா?”

“இல்லையே. சைக்கிள் மாதிரி வந்துச்சு.”

மூவரும் பொழிச்சலூர் போனார்கள். அந்தச் சந்து நல்ல மேடு. “திருநீர்மலையே தேவலாம்” என்று தினகரன் பாதியில் நின்று மூச்சு வாங்கினார்.

தாடியும் சிவந்த கண்ணுமாக ஜாய்சன் வாசலில் உட்கார்ந்திருந்தான். ரத்தினபாய் மொபெட்டின் பக்கத்தில் குந்தி, டேங்க்கைத் திறந்து பார்த்தார். பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் டேப் மூடியிருந்தது. எஞ்சினை வீலிலிருந்து விலக்கிவிட்டு வெறும் சைக்கிளாக மிதிப்பதற்கான லீவர், பெடல் பக்கம் தள்ளியிருந்தது.

“டேப்பை மூடிட்டாங்களா! இது சதி!” என்றார் தினகரன்.

“மூடினது வாத்தியாரேதான். சும்மா இருங்க.”

ரத்தினபாய் டேப்பைத் திறந்தார். லீவரை மாற்றி, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பெடலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். எஞ்சின் உடனே கிளம்பி ஒரே சீராக ஓடியது. ஜாய்சன் எழுந்துவிட்டான்.

“பிஸ்டன் பிடிச்ச வண்டியா இது? லீவர் பெடல் பக்கம் இருந்துச்சு, ஜாய்சன். அப்படி இருந்தா எஞ்சினுக்கும் வீலுக்கும் சம்பந்தமே கிடையாது. எப்படி லாக் ஆகும்?”

“வழியில நின்னுபோய், அப்புறம் மிதிச்சுட்டு வந்திருக்கலாமே ஆன்ட்டி?”

“நின்னுபோன வண்டியில டேப்பைத் திறந்து திறந்து பார்ப்பாங்க. யாரும் மூட மாட்டாங்க. உங்கப்பா நல்லா ஓடுற வண்டியை அவரே நிறுத்திட்டு, இந்த மேட்டுல மிதிச்சுட்டு வந்திருக்கார். உன் வேலையில ஒரு குறையும் இல்லைப்பா.”

“நல்லா ஓடுற வண்டியை எதுக்கு மிதிக்கணும்?” என்றார் தினகரன்.

ரத்தினபாய்க்குப் பதில் தெரியும். சொல்ல மனம் வரவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டு யூனிஸ் கதவோரம் வந்து நின்றிருந்தார்.

“எனக்குக் கேட்கக் கூடாதுன்னுதான்” என்றார் யூனிஸ்.

ரத்தினபாய் எஞ்சினை நிறுத்தினார்.

“தினமும் தெருமுனையில சத்தம் நிக்கும். அப்புறம் செயின் சத்தம் மட்டும் மேட்டுல வரும். வாக்கிங் போயிட்டு வந்தேன்னு நிப்பார். கையெல்லாம் பெட்ரோல் வாசனை. முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அதை ஏன் கெடுக்கணும்னு நானும் தெரியாத மாதிரியே இருந்தேன். அன்னைக்குச் செயின் சத்தம் பாதியில நின்னுச்சு. போய்ப் பார்த்தா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிடுமேன்னு போகலை. காபி கலந்து வச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்.”

ஜாய்சன் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். ஒரு வாரமாக ஊரெல்லாம் அவனிடம் சொன்ன வார்த்தையை இப்போது அவன் சொன்னான்.

“உன்னால இல்லம்மா.”

யூனிஸ் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் அதை நம்பவில்லை.