மடிப்புக்குள் ஒரு கடல்

அம்மா கண்ணாடியைப் பார்க்காமலே தலை சீவுகிறாளே, வகிடு மட்டும் எப்படிக் கோணாமல் வருகிறது?

கதவருகே நின்றபடி இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் பராக்கு. அது அவளுடைய பெயர் இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் ஜன்னலைப் பார்ப்பாள். ஜன்னல் முன்னால் உட்கார்ந்தால் மேகத்தைப் பார்ப்பாள். மேகம் இல்லாவிட்டால், அது எங்கே போயிற்று என்று பார்ப்பாள். அதனால் அப்பா வைத்த பட்டப்பெயர், பள்ளிக்கூடம் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

முன்பெல்லாம் அம்மா கண்ணாடி முன்னால் நின்று, பாடிக்கொண்டேதான் தலை சீவுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் இப்படி. நோய் கன்னத்துச் சதையை எல்லாம் எடுத்துக்கொண்டு தோலை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. இப்போது அந்தத் தோல், தொளதொளவென்று பெரிதாகிப்போன சட்டை மாதிரி, கண்ணோரத்திலும் வாயோரத்திலும் சுருங்கிக் கிடந்தது.

"அம்மா, சனிக்கிழமை ஸ்கூலுக்கு வருவேல்ல?"

"அப்பா வருவாரு."

"நீ?"

"என்னைப் பாத்தா உன் அம்மான்னு யாரு நம்புவா? 'பாட்டி, இப்படி உக்காருங்க'ன்னு நாற்காலி போடுவாங்க."

அம்மா சிரித்தாள். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. கண் வரைக்கும் ஏறவில்லை.

சனிக்கிழமை பள்ளியில் சொல் வேட்டை. தமிழ் டீச்சரிடம் மூடி நசுங்கிய ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதற்குள் சீட்டுச் சீட்டாகப் பழைய சொற்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று தேட வேண்டும். அத்தனை அர்த்தமும் எந்த இடத்தில் கைகோத்து நிற்கிறது என்றும் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு, வீட்டிலிருந்து வந்திருப்பவர்கள் முன்னால் சொல்ல வேண்டும்.

பராக்குவுக்குக் கிடைத்த சீட்டில் 'திரை' என்று இருந்தது.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அப்பா திரைச்சீலை தைப்பவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய தையலறை. அங்கே திரும்பிய பக்கமெல்லாம் திரைதான்.

ஆனால், நூலகத்தில் இருந்த தடித்த அகராதி வேறு என்னென்னவோ சொன்னது. திரை என்றால் கடல் அலையாம். கடலே கூடத் திரைதானாம். உடுத்திய துணியை மேலே சுருக்கிக் கட்டினால், திரைத்துக் கட்டுவதாம். பால் கெட்டுக் கட்டிகட்டியாகத் திரண்டால், திரைந்துபோவதாம். இன்னும் ஒன்றும் இருந்தது: முதுமையில் தோலில் விழும் சுருக்கம்.

அதைப் படித்ததும் பராக்கு அகராதியைப் பட்டென்று மூடிவிட்டாள்.

"எத்தனை கிடைச்சுது?" என்று கேட்டார் டீச்சர்.

"அஞ்சு, டீச்சர்." ஆறாவதை அவள் சொல்லவில்லை.

"எங்க கைகோக்குது?"

"தெரியலை டீச்சர். கடலும் பாலும் ஜன்னலும் ஒண்ணுக்கொண்ணு மூஞ்சி குடுத்துப் பேசவே மாட்டேங்குது."

டீச்சர் சிரித்துவிட்டார். "இன்னும் நாள் இருக்கு. பேச வச்சுப் பாரு."

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது தையலறையில் அப்பா இல்லை. கொக்கி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். ஜன்னலோரம் கம்பியில் நீலத் துணி ஒரு ஜோடி தொங்கியது. இரண்டையும் கொசகொசவென்று மடித்து, மேலும் கீழும் நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தது. யாரோ செய்த தப்புக்குப் பிடித்துக் கட்டிப்போட்ட மாதிரி பாவமாக இருந்தது.

'இதுக்கெல்லாம் அப்பாவுக்கு ஏது நேரம்? சமையலும் அவர்தான், தையலும் அவர்தான். நாமளாவது கொஞ்சம் உதவலாம்.'

ஒரு துணியின் நாடாவை அவிழ்த்தாள். மேசையில் விரித்தாள். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, மேலிருந்து கீழ்வரைக்கும் அழுத்தித் தேய்த்தாள். மறுபடி கம்பியில் மாட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அப்பா உள்ளே வந்தார். கையிலிருந்த கொக்கிப் பொட்டலம் கீழே விழுந்து சிதறியது.

"அடிப்பாவி! என்னடி பண்ணே?"

"தேய்ச்சு வச்சேன்பா. ஒரு சுருக்கம்கூட இல்ல, பாருங்க!"

"அதாண்டி வயித்தெரிச்சல்! மடிப்பு நல்லாப் படியட்டும்னுதானே கட்டி வச்சேன்! தைக்கக் குடுத்த மனுஷன் என்கிட்ட திரை கேட்டாரா, கதவு கேட்டாரா?"

தலையில் கை வைத்துக்கொண்டு துணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நீ பராக்குப் பாத்தா எனக்குப் பயமே இல்ல. நீ வேலை செஞ்சாதான் பயம். போகட்டும், மறுபடி மடிச்சுக் கட்டிக்கலாம். அதோட ஜோடியில மடிப்பு எப்படி விழுந்திருக்குன்னு பாப்போம்."

இன்னொரு துணியின் நாடாவை அவிழ்த்துவிட்டு, அப்பா குனிந்து கொக்கிகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

அப்போது காற்று வந்தது.

இஸ்திரி போட்ட துணி விறைப்பாக முன்னால் வந்து, திரும்பிப் போய்த் தொப்பென்று ஜன்னலில் மோதி நின்றது. அவ்வளவுதான்.

பக்கத்துத் துணி அப்படிச் செய்யவில்லை. அதன் முதல் மடிப்பு மெல்லத் திறந்தது. அடுத்த மடிப்பிடம் ஏதோ சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. அது அதற்கடுத்ததிடம் சொன்னது. ஒரு நெளிவு இந்த ஓரத்தில் புறப்பட்டு அந்த ஓரம் வரைக்கும் ஓடியது. தரையில் நீல வெளிச்சம் வந்து வந்து போனது.

பராக்கு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தரிக்கோல் மீனாயிற்று. நூல்கண்டுகள் சங்குகளாயின. தையல் மெஷின் மெல்ல ஆடியபடி படகாகப் போயிற்று. அப்பா, வலையில் விழுந்த இறால்களைப் போலக் கொக்கிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

'அலை!'

பரந்து கிடக்கிற தண்ணீரைக் காற்று தொடுகிறது. தண்ணீர் கூடுகிறது, மடிகிறது, எழுகிறது. துணியும் அப்படித்தான் கூடி மடிகிறது. பாலும் அப்படித்தான் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று கூடித் திரள்கிறது. அப்படியென்றால்...

அவள் எழுந்து உள்ளே ஓடினாள்.

"அம்மா, இங்க வாயேன். கேள்வி எதுவும் கேக்காம வா."

அம்மாவைக் கூட்டிவந்து துணி வெட்டும் மேசைமேல் உட்கார வைத்தாள். தானும் ஏறி ஒட்டி உட்கார்ந்தாள். காற்றுக்காகக் காத்திருந்தார்கள். காற்று வந்தது. ஒன்று தொப்பென்றது. இன்னொன்று ஓடியது.

"எதும்மா அழகு?"

"இதுல என்ன சந்தேகம்? மடிப்பு இருக்கறதுதான்."

"ஏன்?"

அம்மா இன்னொரு நெளிவு ஓடுவதைப் பார்த்தாள். "உசுரு இருக்கற மாதிரி இருக்கு."

"எனக்குக் கிடைச்ச சொல் 'திரை'. அதுக்கு ஆறு அர்த்தம்மா. டீச்சர்கிட்ட அஞ்சுதான் சொன்னேன்."

"ஏன், ஆறாவதைத் தின்னுட்டியா?"

பராக்கு விரலை நீட்டி, அம்மாவின் கண்ணோரத்தில் இருந்த கோட்டை மெல்லத் தொட்டாள். கோட்டின் வழியே விரல் கன்னத்துக்கு இறங்கியது.

அம்மா அசையவில்லை. கொக்கி பொறுக்கிக்கொண்டிருந்த அப்பாவும் அசையவில்லை.

"இதுவுமா?" என்றாள் அம்மா கடைசியில்.

"இதுவும்தான். கடலுக்கு இந்தச் சொல்லைச் சொன்னவங்கதான் இதுக்கும் சொல்லியிருக்காங்க. வேற சொல் கிடைக்காமலா? நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பாங்க."

"யாருடி அவங்க?"

"தெரியாதும்மா. ரொம்பக் காலத்துக்கு முந்தி, வேலைவெட்டி இல்லாம பராக்குப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த யாரோ."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டில் புறப்பட்ட சிரிப்பு, கன்னத்து மடிப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டு கண்ணோரம் வரைக்கும் போய் உடைந்தது. பராக்கு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அவள் ஆறையும் சொன்னாள். ஆறாவதை அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். கடைசி வரிசையில், அப்பாவுக்குப் பக்கத்தில், அம்மா உட்கார்ந்திருந்தாள். யாரும் பாட்டி என்று நாற்காலி போடவில்லை. அப்பாதான், "பாட்டி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று காதில் சொல்லி, தொடையில் ஒரு கிள்ளு வாங்கிக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத்தையும் படம் எடுத்தார்கள். படம் எடுத்தவர் அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார்.

"அக்கா, நல்லா வந்திருக்கு. முகத்துல இருக்கற சுருக்கம் மட்டும்தான். அதையும் எடுத்துடட்டுமா? ஒரு நொடி வேலை. பத்து வயசு குறைஞ்சிடும்."

அம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு, "அவளையே கேளுங்க" என்றாள்.

படம் எடுத்தவர் பராக்குவின் பக்கம் திரும்பினார். "என்னம்மா, எடுத்துடலாமா?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மேகம் போய்க்கொண்டிருந்தது. பராக்கு அதைப் பார்க்கவில்லை. படத்தில் சிரித்துக்கொண்டிருந்த அம்மாவையே பார்த்தாள். பிறகு தலையை மெல்ல ஆட்டினாள்.

"வேண்டாம் அண்ணா. ஒரு தடவை இஸ்திரி போட்டுப் பாத்துட்டேன். நல்லா இல்ல."