கருத்துப்போன கொலுசு

காவேரியின் வெள்ளிக் கொலுசு கருத்துப்போயிருந்தது. முந்தாநாள்தான் அவள் அம்மா பாப்பம்மாள் விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தாள். இன்றைக்குப் பார்த்தால் அடுப்புக்கரி.

"நகைக்கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்" என்றான் பரசுராமன். அவனுக்கு உலகத்தில் ஒருத்தர்மேலும் நம்பிக்கை கிடையாது, பெற்ற மகள் உட்பட.

"அவன்மேல தப்பு இல்லப்பா. இந்த ரூம்ல முட்டை அழுகின நாத்தம் அடிக்குதுல்ல? அந்த கேஸு வெள்ளியைக் கருப்பாக்கும். ஹைட்ரஜன் சல்பைடு. எங்க கெமிஸ்ட்ரில வருது."

"சுத்திலும் கம்பெனி. சாக்கடை நாறாம சந்தனமா மணக்கும்?"

பன்னிரண்டாவது படிக்கிற பெண். மறுநாள் பிராக்டிகல் பரீட்சை. பள்ளிக்கூடத்து லேபிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் தாள் துண்டுகளை ஈரமாக்கிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். அந்த கேஸ் பட்டால் தாள் கருக்குமாம்.

"நாத்தம் அடிக்கிற வரைக்கும் பரவால்லப்பா. ரொம்ப ஏறிட்டா மூக்கு மரத்துடும். நாத்தமே தெரியாது. அப்பதான் ஆபத்து. நான் குன்றத்தூர் அத்தை வூட்ல போய்ப் படிக்கிறேன்."

பரசுராமன் அறை நடுவில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"அங்க யாரு கீறான், சொல்லு பாக்கலாம்?"

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டான்.

சமையல்கட்டை ஒட்டிய அந்த அறை நிற்கிற இடத்தில் முன்பு பாசனக் கிணறு இருந்தது. நிலம் கம்பெனிக்குப் போனபின் கிணறு எதற்கு? டிப்பர் லாரிக்காரன் எங்கிருந்தோ கருப்பாய், கூழ் மாதிரி எதையோ கொண்டுவந்து சும்மாவே கொட்டி ரொப்பினான். என்ன மண் என்று இவனும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பரசுராமன் அதன்மேல் அறை கட்டி, டைல்ஸ் போட்டு, தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டான். போன மாதம் அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஏசுவடியான் என்கிற பையன் மட்டும் வாசலில் நின்று சொன்னான்: "அண்ணாச்சி, தரைக்குள்ள ஆரோ பேசுதாவ. நாங்க சொன்னதையே திருப்பிச் சொல்லுதாவ." தண்ணி போட்ட பேச்சு என்று பரசுராமன் காறித் துப்பினான்.

நாற்றம் வெளியிலிருந்துதான் வருகிறது என்பது அவன் கணக்கு. அறை ஜன்னல் இடுக்கில் வெளியிலிருந்தே ஈரச் சாக்கை அடைத்தான். கதவுக்கு அடியில் துண்டை நனைத்துத் திணித்தான். பாப்பம்மாள் செகண்ட் ஷிப்டுக்குக் கேன்டீன் வேலைக்குப் போயிருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு போக, அந்த உறுமலில் பாத்திரங்கள் அதிர, அவன் சமையல்கட்டு இருட்டில் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, உள்ளே மகள் மனப்பாடம் செய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அழுகிய முட்டை நாற்றமுடைய வாயு வெளிப்படுகிறது. தாள் கருப்பாக மாறுகிறது."

நாற்றம் ஏறியது. தொண்டை கரகரத்தது, கண் எரிந்தது. டைல்ஸுக்கு அடியில் கூழ் கொதிக்கிற மாதிரி குமுக், குமுக்கென்று ஒரு சத்தம்.

பிறகு நாற்றம் நின்றது.

"பாத்தியா? சாக்கை அடைச்சதும் போச்சு!" என்று கதவைத் தட்டினான்.

"தாள் கருப்பாக மாறுகிறது" என்றது உள்ளே.

பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தார்கள். எண்ணெய் சடசடப்பது கேட்டது.

வாசனை இல்லை.

பீடிக்கட்டை மூக்கில் வைத்து இழுத்தான். இல்லை. சட்டையை முகர்ந்தான். இல்லை. எதுவுமே இல்லை.

மூக்கு மரத்துடும் என்றாளே.

தாழ்ப்பாள் கைக்கு வழுக்கியது. திறந்தான். போனில் டார்ச்சைப் போட்டான்.

சுவர் முழுக்கக் கருப்புத் தாள்கள். புத்தகத்தின்மேல் கவிழ்ந்த தலை. நீட்டிய கால். கருத்த கொலுசு. தோளைப் பிடித்துத் திருப்பினான். உதடுகள் மூடியிருந்தன. சில்லென்று இருந்தன.

"அழுகிய முட்டை நாற்றமுடைய வாயு வெளிப்படுகிறது."

காவேரியின் குரல்தான். தரைக்கு அடியிலிருந்து வந்தது.

அவன் அவள் பக்கத்திலேயே சரிந்தான். கன்னம் டைல்ஸில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. குரல் நின்றது. குமுக்கென்றது. பிறகு அவன் காதுக்கு நேர் கீழே, அவனுடைய குரலிலேயே கேட்டது:

"அங்க யாரு கீறான், சொல்லு பாக்கலாம்?"